தண்ணீர் குடிக்காத நடவு வரிசை

“மூத்திரத்த அளக்கறதுக்கா இத்தினி வருசம் படிச்ச?” என்று சின்னம்மா கேட்டாள்.

களமருதூர் பக்கம் ஒரு நடவு வயல். அவள் சேற்றில் நின்றிருந்தாள், நான் வரப்பில் சிறு பாட்டில்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். “காலேஜுல ஸ்டாக் கம்மியாம், அதான் வாங்கிக்கினு போவ வந்திருக்குது” என்று வரிசையிலிருந்து ஒருத்தி எடுத்துக்கொடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மாவுக்குப் பிறகு என் படிப்புக்காக நாற்று நட்டவள் அவள். படித்தவள் மின்விசிறிக்குக் கீழே உட்காருவாள் என்று நம்பியிருந்தாள். அதே வயலுக்குத் திரும்பி வந்து நிற்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் ஆய்வு மாணவி. உடல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிக்கும் துறை அது. நன்றாகப் படிப்பவள் நான், இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

கல்லூரி நூலகத்தின் கடைசி அலமாரியில் ஓர் ஆய்விதழின் பழைய தொகுதிகள் இருக்கின்றன. கெட்டி அட்டை, முதுகில் மங்கிய பொன்னெழுத்து. நூறு வருடங்களுக்கும் மேலாக ஒரு குளிர்தேசத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் இதழ். அது தொடங்கிய காலத்தில் எங்கள் துறை உடற்கூறியலின் வாலாக ஒட்டிக்கொண்டிருந்தது. சோதனை செய்து பார்த்தவர்கள், கண்டதை எழுத ஓர் இடம் வேண்டும் என்று அதை ஆரம்பித்தார்கள். என்ன செய்தாய், எதால் அளந்தாய் என்பதை அதில் ஒளிவில்லாமல் எழுத வேண்டும். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அதைப் படித்துவிட்டுத் திரும்பச் செய்து பார்க்கலாம். முகம் தெரியாத இரண்டு மூன்று பேர் கேள்வி கேட்டுச் சலித்தெடுத்த பிறகுதான் இப்போது ஒரு கட்டுரை அச்சேறும். எங்கள் ஊரில் ஒருவர் பேச்சு எடுபட வேண்டுமானால், அவர் யார் வீட்டு ஆள் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதனாலேயே அந்த இதழின் மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை.

பழைய ஆய்வாளர்கள் பலர் தங்கள் உடலையே சோதித்தவர்கள். பட்டினி கிடந்தார்கள், சூடான அறையில் வியர்த்தார்கள், தண்ணீர் குடித்துச் சிறுநீரை அளந்தார்கள். வெயிலில் உழைக்கும் உடலைப் பற்றிய கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். நான் புரட்டிய பக்கங்களில் மாணவர்கள் இருந்தார்கள், சிப்பாய்கள் இருந்தார்கள், ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். குனிந்து நாற்று நடும் பெண் ஒருத்தியும் தட்டுப்படவில்லை. சாயங்காலம் நூலகம் பூட்டும்வரை உட்கார்ந்து அம்மாவைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று பிறகு புரிந்தது.

நடவு நாட்களில் அம்மா விடிந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்கமாட்டாள். குடம் வரப்பிலேயே இருக்கும். வாயை நனைத்துத் துப்புவாள், அவ்வளவுதான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெட்டவெளி, ஒதுங்க ஒரு புதர் கிடையாது. வரிசையை விட்டு ஒருத்தி எழுந்தால் அவள் பங்கையும் பக்கத்திலிருப்பவள் நட வேண்டும். எல்லாப் பெண்களும் அப்படித்தான் அடக்கிக்கொண்டு நடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். ஆஸ்பத்திரியில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், தலையாட்டிவிட்டு வருவாள். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனாள். அந்த வயல்களில் அவள் உடல் என்ன பாடுபட்டது என்பதை யாரும் அளந்து வைக்கவில்லை. ஒரே ஒரு நாளின் அளவு எங்காவது கிடைத்தால் போதும் என்று இன்றும் ஏங்குகிறேன். அவள் புகைப்படத்தைவிட அதில் அவள் அதிகம் இருப்பாள்.

கல்லூரி நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கி, வயல் பெண்களையும், கரியாலூர் பக்கம் மரவள்ளிக்குக் களை வெட்டும் மலைப் பெண்களையும் அளந்தேன். இரண்டு இடத்திலும் குடம் பக்கத்திலேயே இருந்தது. மலையில் தாகம் எடுத்தவர்கள் குடித்தார்கள், கொஞ்சம் தள்ளினால் மரங்கள். ஒதுங்க மறைவில்லாததால் கீழே யாரும் குடிப்பதில்லை என்று நான் சொன்னபோது, களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெண் என்னையே பார்த்தாள். “அப்ப அதுங்க எங்கதான் போவும்?” என்றாள். மதியம் எடுத்த சிறுநீர் மாதிரிகளில் மலைப் பெண்களுடையது வெளிறியிருந்தது, வயல் பெண்களுடையது கலங்கிய தேன் நிறம்.

கட்டுரையை அந்த இதழுக்கே அனுப்பினேன். பல மாதங்கள் கழித்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பதில் வந்தது. நிராகரிக்கவில்லை. அளந்த விதம் நன்றாக இருக்கிறது என்று கட்டுரையைச் சோதித்தவர்களில் ஒருவர் எழுதியிருந்தார். மற்றவர், மலை குளிர்ச்சியான இடம், வித்தியாசத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம், மறைவிடம் இல்லாததால் குடிப்பதில்லை என்பது உன் ஊகம், அந்தப் பத்தியை நீக்கு என்று கேட்டிருந்தார். என் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

என் வழிகாட்டிப் பேராசிரியை எனக்கு நல்லது நினைப்பவர். “அந்த ஒரு பத்திய எடுத்துடும்மா. நம்பர் மட்டும் இருக்கட்டும், பேப்பர் வந்துடும்” என்றார்.

எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த இதழின் ஒரு பக்கத்தில், வெறும் எண்களாகவாவது, எங்கள் பெண்கள் இருப்பார்கள். அதற்காக எவ்வளவு காலமாகக் காத்திருந்தேன். ஆனால் அந்தப் பத்தி போனால் மிஞ்சுவது வெயில்தான். வெயிலுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கேட்டவர் மேல் கோபமும் வரவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. அம்மாவைப் பார்த்து வளர்ந்ததால் எனக்குக் காரணம் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அந்த இதழில் செல்லாது, அப்படிச் செல்லாமல் இருப்பதால்தான் அதை எனக்குப் பிடிக்கும். அதே வயல், அதே வெயில், அதே பெண்கள். மறைப்பு ஒன்றை மட்டும் கூடச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சின்னம்மாவிடம் சொன்னேன். “மறப்பு கட்டுனா குடிக்கறாங்களான்னு பாக்கப் போறியா?” என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த நாற்று முடியை அவிழ்த்தாள். “உங்கம்மா இருந்தா மொத ஆளா குடிச்சிருப்பா.”

பத்தியை நீக்கவில்லை, சோதித்துவிட்டு அனுப்புகிறேன், அவகாசம் வேண்டும் என்று இதழாசிரியருக்கு எழுதிவிட்டேன். புதிய சோதனைக்கும் கல்லூரிக் குழு அனுமதி தந்துவிட்டது. மறைப்பு கட்டப் போகிறேன் என்றதும் நிலத்துக்காரர் முதலில் நிழலுக்கா என்று கேட்டார். எதற்கு என்று சொன்னதும் தலையைத் திருப்பிக்கொண்டு சரி என்றார். யாராவது எழுந்துபோனால் அவள் இடத்தில் நான் நடுவதாக வரிசையில் பேசிவைத்திருக்கிறேன், எனக்கு நடத் தெரியும். போன வாரம் மறைப்பில்லாமல் அளந்த நாட்களிலும் அப்படியே அவர்களோடு நின்றேன். மாறுவது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இன்று காலை மூங்கில் நட்டு, வயலின் இரண்டு மூலையிலும் தென்னங்கீற்று கட்டி முடித்துவிட்டு, சேற்றில் இறங்கினேன்.