ஈப்போவில் நான்கு வீடு, நான் இருப்பது ஜெலுத்தோங்கில்

வெளி மாநிலத்தில் கட்டடம் வாங்கி வாடகைக்கு விடுகிறவர்களுக்குக் கூரை எப்போதும் அவர்கள் இல்லாத ஊரில்தான் ஒழுகும். இதைப் படித்துத் தலையாட்டினால் நீங்களும் என் கட்சி.

நான் ஸ்டெல்லா. பினாங்கில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகத் தரப் பரிசோதனை வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு ஈப்போவில், கீழே இரண்டு மேலே இரண்டு என நான்கு குடும்பம் இருக்கும் பழைய கட்டடம் ஒன்றை வாங்கினேன். வேண்டாம் என்று தடுத்தவர்கள் பட்டியல் நீளமானது. சிலருக்கு இங்கே இடம் கொடுக்கிறேன், வாடகை இல்லாமல்.

பெயரைக் கேட்டதும்

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் நான் வாடகைக்கு இருந்த ஃபிளாட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அடுத்த புளோக்கிலேயே வீடு காலி என்று விளம்பரம் பார்த்து ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். ஆங்கிலத்தில் பேசினோம். எல்லாம் சரி, நாளைக்கே வந்து சாவி வாங்கிக்கொள்ளலாம் என்றார். கடைசியில் பெயர் கேட்டார். அப்பா பெயர் ஆரோக்கியசாமியையும் சேர்த்துச் சொன்னேன். உடனே அந்த ஆள் சுத்தமான தமிழில் ஆரம்பித்தார். "அக்கா, வீட்டுக்காரருக்கு இந்தியர் வேணாமாம்."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. "தம்பி, நீங்களும் நம்ம ஆளுதானே? இதை எப்படி உங்க வாயால சொல்றீங்க?" என்று கேட்டேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "என்னக்கா செய்றது, நானே ஆறு மாசமா வாடகை வீடு தேடிக்கிட்டுதான் இருக்கேன் லா."

மழை நாளில்

ஜெலுத்தோங்கிலேயே இருக்கும் அண்ணன் அந்தோணி வீட்டுப் பின்னறைக்குச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனேன். அன்றைக்கே முடிவு செய்தேன்: இனி யாரிடமும் வீடு கேட்டு நிற்க மாட்டேன், என்னிடம் வந்து கேட்கட்டும். பினாங்குத் தீவு விலைக்கு என் பதினைந்து வருடச் சேமிப்பு ஒரு குளியலறைக்குக்கூடப் போதாது. அதனால் ஈப்போ. அண்ணன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார். "இங்க உட்கார்ந்துக்கிட்டு அந்த வீட்டை டெலஸ்கோப் வச்சா பார்ப்பே?"

விற்கிறவரின் ஏஜெண்டு, வெயில் நாளாகப் பார்த்து வாருங்கள், வெளிச்சமாக இருக்கும் என்றார். எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. அடைமழை என்று வானிலைச் செய்தி சொன்ன சனிக்கிழமையில், யாருக்கும் சொல்லாமல் ஃபெர்ரி பிடித்து, பட்டர்வொர்த்தில் ரயில் ஏறிப் போனேன். மேல்மாடியில் தட்டியதும் தனலட்சுமி என்ற பெண் கதவைத் திறந்தார். மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கிறவர். கூடத்தில் மூன்று வாளி, கட்டில்மேல் ஒரு பேசின். ஒழுகுகிற இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார், நான் படம் பிடித்துக்கொண்டேன். அந்தப் படங்களைக் காட்டித்தான் பிறகு விலையை இறக்கினேன். நனைந்து நின்ற என்னிடம் துண்டை நீட்டியபடி தனலட்சுமி சொன்னார்: "வீடு பார்க்க எத்தனையோ பேரு வந்தாங்க அக்கா, மழையில வந்த மொத ஆளு நீங்கதான்."

கூரைப் படம்

வாங்கியதும் முதல் வேலை கூரை. மணி என்ற கான்ட்ராக்டர் இரண்டு வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார். சொன்னபடி கைப்பேசியில் படமும் அனுப்பினார். சிவப்பு ஓடு, பளபளவென்று, பின்னால் நீல வானம். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஒரே ஒரு குறை, என் கட்டடத்துக்குத் தகரக் கூரை. பிழை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவளிடம் இப்படியா படம் காட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போ போனேன். கீழ்வீட்டில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டி விற்கும் மலாய்க்கார ரோஸ் அக்காவிடம் ஏணி இரவல் வாங்கினேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு மலாயில் கடவுளைக் கூப்பிட, நான் ஏறினேன். மேலே அதே துருப்பிடித்த தகரம், அதே ஓட்டைகள். அங்கிருந்தே போன் போட்டேன்.

"மணி, கூரை முடிஞ்சுதா?"

"நேத்தே முடிஞ்சுதுக்கா. சூப்பரா இருக்கு."

"அப்படியா? நான் அதுமேலதான் நிக்கிறேன்."

மணி கேட்டார்: "அக்கா, நீங்க பினாங்குலதானே இருக்கணும்?"

ஏழாவது வீடு

ஒரு வாரம் லீவு போட்டு ஏணிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கூரை முடிந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழ்வீடு ஒன்று காலியானது. ஈப்போ ஏஜெண்டு அம்மா நல்ல மனதோடுதான் யோசனை சொன்னார்: 'சீனர் மட்டும்' என்று விளம்பரம் போட்டால் இரண்டே நாளில் ஆள் வருமாம். அந்த விளம்பரப்படி பார்த்தால் வீட்டுக்காரியே உள்ளே நுழைய முடியாது என்றேன். 'யாரும் வரலாம்' என்று போட்டேன். மூன்று மாதம் யாரும் வரவில்லை. பேங்குத் தவணைக்காகச் சனி, ஞாயிறும் ஓவர்டைம் செய்தேன். ஏஜெண்டு அம்மா வாரா வாரம் கூப்பிட்டு, மனம் மாறியதா என்று கேட்டார். மாறவில்லை.

அப்புறம் பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு போன். லாரி ஓட்டுநரின் மனைவி, பெயர் கவிதா. வாடகையைக் கேட்கவில்லை, அறை எத்தனை என்று கேட்கவில்லை. "அக்கா, மொதல்லயே சொல்லிடுறேன், நாங்க இந்தியர்" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரல். "நானும்தான்மா, ஞாயித்துக்கிழமை வாங்க" என்றேன்.

கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வந்தார்கள். கணவர் கையில் சம்பளச் சீட்டுகள் அடங்கிய ஃபைல். இரண்டு பெண் பிள்ளைகளும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள், உள்ளே வரலாமா என்று தெரியாமல். கவிதா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். "இது ஏழாவது வீடுக்கா. உள்ள விட்டது இதுதான்."

விலை பேச வந்தவர்

போன மாதம் பெரிய காரில் ஒருவர் ஜெலுத்தோங்குக்கே வந்துவிட்டார். என் கட்டடத்தைச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்ற வேண்டுமாம். நல்ல விலை தருவார், ஆனால் நான்கு வீட்டையும் காலி செய்து கொடுக்க வேண்டும். நீங்கள் ஒரு மூலை, அவர்கள் ஒரு மூலை, அவர்கள் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். அண்ணன் என்னையே பார்த்தார். அந்தப் பணத்தில் நான் இங்கேயே சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கிப் பின்னறையைக் காலி செய்யலாம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "விக்கிறதா இல்ல" என்றேன். அவர் தொகையை ஏற்றினார். நான் எழுந்து கதவைத் திறந்து வைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஈப்போவில் நான்கு வீட்டாரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். கண் கலங்குவார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தது தப்புதான். தனலட்சுமி நிதானமாகத் தலையாட்டினார். "விக்கலன்னா நல்லதுக்கா, அப்ப எங்க பாத்ரூம் கதவ மாத்திடுங்க."

இந்தத் தொழிலில் என் தலைமுடிதான் பாதி கொட்டியிருக்கிறது, ஆனாலும் தைப்பிங்கில் ஒரு கட்டடம் விலைக்கு இருக்கிறது, இன்னும் யாராவது ஒருவர் வந்து 'உன்னால் முடியாது' என்று சொன்னால் போய்ப் பார்த்துவிடுவேன்.