அக்கரைக்கு ஒரு துடுப்பு, இக்கரைக்கு ஒன்று

எங்கள் வீட்டு வாசற்படிக்கு மேல் ஒரு துடுப்பு தொங்குகிறது. தெரு முழுக்கப் பட்டுத் தறி, கோயில் குளத்தை விட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் கிடையாது, இங்கே இது எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. போன வாரம் வெள்ளையடிக்க வந்தவர் ஏணியில் நின்றபடி, "இத்த கழட்டிப் பரண்ல போட்டுடட்டுமாம்மா?" என்றார். "சுவத்த வேணா அடிக்காம வுடுங்க, அத்தத் தொடாதீங்க" என்றேன். கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன். அது என் அத்தை கொடுத்தது.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. மாகறலுக்குப் பக்கத்தில், செய்யாற்றின் அந்தக் கரையில் வாழ்க்கைப்பட்டவள். அங்கேயும் தறிதான். ஆற்றைத் தாண்ட ஒரு தரைப்பாலம் உண்டு. நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் அது தண்ணீருக்குள் போய்விடும். அப்படி ஒரு மழையில்தான் அப்பா இறந்தார். சுற்றிக்கொண்டு வரும் சாலையையும் ஏரி உடைத்துக்கொண்டு போயிருந்தது. பகல் முழுக்க அத்தை ஈரப்புடவையோடு கரையில் நின்றாள். தண்ணீரில் இறங்கப் போனவளை மாமா இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். மழையில் அப்பாவின் உடலை எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பது? கடைசியில் நான் அப்பாவின் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தேன். "கிட்ட காட்டுடி, இன்னும் கிட்ட காட்டு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாதியில் சிக்னல் போய்விட்டது. பாலம் கட்டித் தருகிறோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் கைகூப்பி வந்தவர்கள் ஒருவரையும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த மழைக்காலம் தொடங்கியதும் அத்தை படகு வாங்கப் போவதாகச் சொன்னாள். ஊரே சிரித்தது. அவர்கள் ஊர்த் தலைவர், அத்தை வீட்டு வாசலுக்கே வந்து, "வருசத்துல பத்து நாளு தண்ணி. மீதி நாளு படக மணல்லயா ஓட்டுவ?" என்று கேட்டார். அத்தை தறியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "அந்தப் பத்து நாளு பாத்துத்தான் எங்கண்ணன் செத்தாரு. சாவுக்கு நீங்க நாள் குறிச்சுக் குடுத்துக்கினு இருக்கீங்களா?" என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

நெசவுக்காரர்களுக்கு அமாவாசைதான் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் தறியில் உட்கார மாட்டார்கள். அதனால் அமாவாசையாகப் பார்த்து, ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, அத்தை, மாமா, அம்மா, நான் நாலு பேரும் தென்னேரிக்குப் போனோம். ஏரியில் மீன் பிடிக்கும் ஒருவர் தன் சின்ன ஃபைபர் படகையும் இரண்டு துடுப்பையும் விலைக்குக் கொடுத்தார். படகின் அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை. அதற்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு மர அடைப்பான். "தண்ணில எறக்கசொல்ல மறக்காம அடச்சுடுங்க" என்றார். நாலு பேரும் பெரிதாகத் தலையாட்டினோம்.

வழியில் எங்கள் வீட்டில் வண்டி நின்றது. பிறந்த வீட்டில் ஆரத்தி எடுக்காமல் அத்தை எதையும் தொடங்க மாட்டாள். எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு: புதிதாக எது வந்தாலும், அதில் கழற்றக்கூடிய ஒன்றை எடுத்து மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். ஜரிகை வந்தால் முதல் கண்டு, வண்டி வந்தால் சாவி. அம்மா பக்தியோடு வைத்தாள். கற்பூரம் காட்டிவிட்டுக் கிளம்பினோம்.

தரைப்பாலம் இன்னும் மூழ்கியிருக்கவில்லை; அதைத் தாண்டி அத்தை ஊர்ப் பக்கத்து ஆற்றங்கரைக்குப் போனதும் மணலில் வண்டி புதைந்தது. அத்தையின் தெருவே வந்து படகைத் தூக்கியது. ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்ததில் ஒரு அடிகூட நகரவில்லை. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "பாவு தூக்கற மாதிரி தூக்குங்கபா! ஒருத்தன் முந்துனா இழ அறுந்துடும்!" என்று கத்தினார். தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துத் தூக்கிப் பழகிய கால்கள். அவ்வளவுதான், இருபது பேர் ஒரே நடையில் படகைத் தண்ணீருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அத்தையும் மாமாவும் ஏறி உட்கார்ந்து துடுப்பால் இரண்டு போடு போட்டிருப்பார்கள். மாமா திடீரென்று வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். படகுக்குள் தண்ணீர். "ஏய், அந்த அடப்பான் எங்கடி?" என்று அத்தை என்னைப் பார்த்துக் கத்த, கரையில் என் பக்கத்தில் நின்ற அம்மா வாயில் கை வைத்தாள். "சாமிகிட்ட இருக்குது!"

தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரும் சிரித்தது. அத்தை இறங்கவில்லை. தறியில் அறும் பட்டு இழைகளை உருட்டி இடுப்பில் செருகிக்கொள்வது அவள் பழக்கம். அந்த உருண்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, முறுக்கி, ஓட்டையில் வைத்துக் குதிகாலால் மிதித்தாள். தண்ணீர் நின்றது. மாமா சொம்பால் இறைக்க, அவள் துடுப்புப் போட்டாள். எதிர்க்கரையைத் தொட்டதும் எழுந்து நின்று, "தலைவரே! மணலு ரொம்ப ஆழமா இருக்குதே!" என்று கூவினாள். என் வயதுக்கு அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் ஒரு துடுப்பை என் கையில் கொடுத்தாள். "ஒண்ணு அக்கரைல, ஒண்ணு இக்கரைல. இனிமே நம்ம வூட்ல யாரும் போன்ல மொகம் பாக்கக் கூடாது" என்றாள்.

போன வருடம் ஐப்பசி மழையில், விடிந்ததும் மாமா போன் செய்தார். "துடுப்ப எடுத்துக்கினு வந்துடும்மா" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

தரைப்பாலம் வழக்கம்போல் தண்ணீருக்குள். அக்கரையிலிருந்து படகைக் கொண்டுவந்து, இடுப்பளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்தபடி நின்றவர் அதே தலைவர். என் முகத்தைப் பார்க்காமல், "பாத்து ஏறும்மா" என்றார். பிறந்த வீட்டுக் கோடியை, அரக்கு நிறப் பட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றி அம்மா மடியில் வைத்திருந்தாள். ஒரு பக்கம் அவர் துடுப்புப் போட்டார், மறுபக்கம் நான். அத்தைக்குக் கோடி போர்த்தினோம். பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் அவசரப்படுத்தாமல், வேண்டுமட்டும் அவள் முகத்தைப் பார்த்தேன்.

இப்போதும் பாலம் வரப்போகிறது என்கிறார்கள். வரட்டும். மாமா அக்கரையில் இருக்கிறார், படகும் அங்கேதான். வெள்ளையடித்தவர் என் கத்தலுக்குப் பயந்து, துடுப்பை அசைக்காமல் சுற்றிச் சுற்றி அடித்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த மழைக்கு அதைக் கழற்றும்போது பின்னால் பழைய சுவர் அழுக்காகத் தெரியும். தெரியட்டும்.