இருபத்து மூன்றாவது பதில்

இளம்பிள்ளையில் ஜோதியைத் தெரியாத தறிப்பட்டறை கிடையாது. பதினான்கு வருடம் அங்கே தார் சுற்றியவள். சேலைக்கான நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றித் தறிக்குக் கொடுக்கிற வேலை. லாரியோடு வடக்கே போன கணவன் தனபால் அங்கேயே வேறொரு குடும்பம் கட்டிக்கொண்டான் என்று செய்தி வந்த நாளில்கூட அவள் லீவு போட்டதில்லை. இப்போது நாற்பத்தைந்து வயது. தோள்பட்டை வலி வந்து தாரை விட்ட பிறகு, ஆராய்ச்சி செய்யும் கல்லூரிப் பிள்ளைகளுக்காகப் பேட்டி எடுத்துக் கொடுத்துப் பிழைக்கிறாள்.

அந்த மாதம் சேலத்திலிருந்து வந்தவள் நித்யஸ்ரீ. பட்டறைப் பெண்களின் சாப்பாடு பற்றி ஆராய்ச்சி. இருபத்திரண்டு பெண்களிடம் ஜோதி கேட்டுப் பதிவு செய்தாள். காலையில் சாப்பிட்டீர்களா என்ற கேள்விக்கு இருபத்திரண்டு பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "ஆச்சுங்க."

"நல்லதா போச்சுக்கா. இங்க யாரும் பட்டினி இல்லைன்னே எழுதிடலாம்" என்று நித்யஸ்ரீ சந்தோஷப்பட்டாள்.

ஜோதி உடனே தடுத்தாள்.

"எழுதிப்போடாதீங்க அம்மிணி! எங்கூருல சாப்டாச்சான்னு கேட்டா ஆச்சுன்னுதான் வாயில வரும். இல்லைன்னு சொன்னா, கேட்டவங்க ஊட்டுச் சோத்துக்கு நிக்கற மாதிரி ஆயிருமுங்க. மூணு நாள் குடுங்க. கேக்காம, சும்மா உக்காந்து பாத்துட்டு வாரேன்."

அந்த இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் வேலை செய்யும் பட்டறைக்குப் போய், பட்டறைக்காரர் குருமூர்த்தியிடமும் பெண்களிடமும் சொல்லிவிட்டே நோட்டோடு உட்கார்ந்தாள்.

"எங்களப் பாக்கறதுக்கு இங்க என்ன சினிமாவா ஓடுது?" என்று கேலி செய்தாள் வள்ளியாத்தாள். பட்டறையிலேயே வாய் நீளம் அவளுக்குத்தான். "எழுதறதே எழுதற, நான் நல்ல செவப்புன்னு எழுதிக்க!"

பத்து மணிக்குத் தறிகள் நின்றன. ஒன்பது பெண்களும் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். அவர்களில் ரஞ்சிதா மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கை பாத்திரத்துக்கும் வாய்க்குமாகப் போய் வந்தது. மென்றாள். தண்ணீர் குடித்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் தண்ணீர் எடுக்கப் போன ஜோதி, அவளைக் கடக்கும்போது பார்த்துவிட்டாள்.

பாத்திரத்தில் ஒரு பருக்கைகூட இல்லை!

ஜோதி அதை நோட்டில் எழுதியதை ரஞ்சிதா கவனித்துவிட்டாள். நூல் மூட்டைகளுக்குப் பின்னால் அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னக்கா எழுதுன? படி."

ஜோதியால் பொய் சொல்ல முடியவில்லை. படித்தாள்.

"என்ற மானத்த வாங்கிப்போட்டியேக்கா! விடியால ஆக்கறது புள்ளைகளுக்கும் அவருக்குமே சரியாப் போயிருது. அத ஊருக்கே சொல்லோணுமா? கிழி அந்தத் தாள."

"பேரு போடமாட்டாங்க சாமி."

"ஒம்பது பேருதான் இருக்கறோம். படிச்சா யாருன்னு தெரியாதா?"

அவள் சொன்னது நியாயம். ஜோதி கிழித்தாள். மூன்று நாள் வேலை துண்டு துண்டாகக் காலடியில் விழுந்தது. இனி அந்த ஆராய்ச்சி என்ன சொல்லும்? இங்கே யாருக்கும் பசி இல்லை என்று! அன்றிரவு அவளால் கண்ணை மூட முடியவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு நித்யஸ்ரீயைப் பட்டறைக்கே கூட்டி வந்தாள்.

"இருபத்து மூணாவது ஆளு நாந்தானுங்க. என்னக் கேளுங்க. இங்கியே, எல்லாரு முன்னாலயும் கேளுங்க."

"நீங்க கேள்வி கேக்கறவங்களாச்சேக்கா..."

"நானும் தார் சுத்துனவ தானுங்களே?"

நித்யஸ்ரீ போனில் பதிவை ஓடவிட்டாள்.

"எம்மக தமிழினி பள்ளிக்கூடம் போனப்ப ஆறு வருசம் நான் காலைல தின்னதில்லீங்க" என்று ஜோதி ஆரம்பித்தாள். "இருக்கறது அவளுக்கே பத்தாது. காலிப் பாத்திரத்தக் கொண்டாந்து, நாலு பேரு முன்னால வெறுங்கைய வாயில வெச்சு மெல்லுவேன். எச்சில முழுங்கறப்ப அழுகை வருமுங்க. தண்ணியக் குடிச்சு அதையும் முழுங்கிப்போடுவேன். இன்னைக்கு வரைக்கும் எம்மகளுக்கே இது தெரியாது."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. ரஞ்சிதா தலையைத் தூக்கவில்லை.

முதலில் எழுந்து வந்தது யார் தெரியுமா? வள்ளியாத்தாள்! எப்போதும் சிரிக்கிற அந்த முகத்தில் சிரிப்பில்லை. தன் பாத்திரத்தை நித்யஸ்ரீயிடம் நீட்டினாள்.

"இது சோறில்லீங்க அம்மிணி. நேத்து வடிச்ச கஞ்சித்தண்ணி. அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. என்னை மறுக்கா கேளுங்க."

சாயங்காலத்துக்குள் ஒன்பது பேரில் ஐந்து பேர் தங்கள் பதிலை மாற்றிச் சொன்னார்கள். எல்லோரும் கிளம்பிய பிறகு, கடைசியாக ரஞ்சிதா வந்து ஜோதியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்ற ஒருத்தி மானம்னு நெனச்சேன்க்கா. பாத்தா பாதிப் பட்டறை. நீ பாத்தத எழுத வேண்டாம். நானே சொல்றேன், எழுதிக்க."

அவள் சொல்லத் தொடங்கினாள். கண்ணீர் மறைத்ததில் ஜோதியின் எழுத்துகள் கோணல்மாணலாக ஓடின. ஆனாலும் பேனாவை அவள் நிறுத்தவில்லை.