மிச்சமான பன்னிரண்டு மாத்திரை

என் சித்தப்பா பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஏறுகிற பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் பட்டப்பெயர் வைத்திருப்பார். அவர்களில் ஒருவனான எனக்கு 'ஆணி'. நான் உட்கார்ந்து கிழியாத சீட்டு கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன், முழுப்பரீட்சை சமயம், டிரைவர் சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு உட்கார ஆரம்பித்தார். சிம்மாசனமா என்று கேட்டு அதை ஒளித்து வைத்தேன். அவர் திட்டவில்லை.

"குடுத்துடுடா ஆணி. வலிக்குது."

எங்கே என்றதற்குத் தலையணையை வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். சிறுநீரில் தொடங்கிய கிருமி விதைக்குள் இறங்கி வீங்கிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. டாக்டர் பத்து நாளைக்கு இருபது மாத்திரை எழுதினார்.

"வலி சீக்கிரம் போயிடும், கிருமி போகாது. இனிமேதான் பிள்ளை பெத்துக்கப் போறீங்க. ஒண்ணு விடாம சாப்பிடுங்க."

மாத்திரை வயிற்றைக் கலக்கியது. ஒரு காலை வேனை ஓரங்கட்டிவிட்டுப் பெட்ரோல் பங்க் கழிவறைக்கு ஓடினார். பிள்ளைகள் பரீட்சைக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனார்கள். நாலாம் நாள் வலி விட்டது. அவரும் மாத்திரையை விட்டார். பரீட்சை முடியட்டும் என்று மிச்சத்தை வேனில் கண்ணாடிக்குக் கீழே இருந்த பெட்டிக்குள் போட்டார். பரீட்சை முடிவதற்குள் காய்ச்சல் திரும்பியது. இம்முறை இரண்டு பக்கமும் வீக்கம், ஆஸ்பத்திரிக் கட்டில், ஊசி.

ஆறிவிட்டது என்றுதான் நினைத்தோம். பிள்ளை மட்டும் வரவில்லை. அத்தை வரும்போதெல்லாம் சித்தியைக் குத்திப் பேசுவாள். சித்தியும் எல்லாச் சோதனையும் செய்துகொண்டாள். எதிலும் குறையில்லை.

கடைசியில் சித்தப்பாவைச் சோதித்தார்கள். விந்தில் ஓர் அணுகூட இல்லை. குழாய் இரண்டும் தழும்பேறி மூடியிருந்தன. ஊசி வைத்து விதைக்குள்ளிருந்தே எடுத்துப் பார்த்தார்கள். போன வாரம் முடிவு வந்தது. அங்கேயும் இல்லை.

"அன்னைக்கு முழுசா சாப்பிட்டிருந்தா?" என்று சித்தப்பா கேட்டாராம்.

"உறுதியா சொல்ல முடியாது. தப்பிச்சிருக்கலாம்" என்றாராம் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். "எத்தனை நாளைக்குத்தான் இவளையே..." என்று ஆரம்பித்தாள். சித்தப்பா எழுந்து வேனுக்குப் போனார். வெளிறிப்போன மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். பன்னிரண்டும் அப்படியே இருந்தன.

"குறை அவகிட்ட இல்லக்கா. இனிமே அவளை ஒண்ணும் சொல்லாத."

சித்தி அட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"ஒரு வாரம் லீவு போட்டிருக்கக் கூடாதா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த வருஷம் பதினெட்டு பேரும் பாஸ்."

நான் பெயில். அது அவருக்கும் தெரியும்.