மடி பார்க்கும் ராக்கப்பன்

சிவகாசிக்காரர்கள் வீட்டில் தீப்பெட்டி கொட்டிக் கிடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஊருக்கு வந்து அவசரத்துக்கு ஒரு குச்சி கேட்டிருந்தால் தெரியும், தெருத் தெருவாக அலைய வேண்டியதுதான். லாரி லாரியாகத் தீப்பெட்டி ஏற்றி அனுப்புகிற ஊர், காலையில் அடுப்புப் பற்றவைக்கப் பக்கத்து வீட்டில் கங்கு வாங்கியது. கம்பெனிக்குப் போகிறவன் மடியில் குச்சி இருக்கக் கூடாது என்பது சட்டம். இருந்தால் ராக்கப்பன் எடுத்துவிடுவார்.

ராக்கப்பன் ஒரு பட்டாசுக் கம்பெனியின் கேட்டில் நின்று ஆண்களின் மடியைத் தடவிப் பார்க்கிறவர். பெண்கள் பக்கம் ஓர் அம்மாள் நிற்பாள். பீடி, சுருட்டு, தீப்பெட்டி, எது அகப்பட்டாலும் அவர் காலடியில் இருக்கும் தண்ணீர் வாளிக்குள் போய்விடும். முதலாளி வந்தாலும் கையைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வெடிமருந்து இருக்கிற இடத்தில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதை அவர் ஒருமுறை கண்ணால் பார்த்தவர். அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. தடவுவதோடு சரி.

அந்த ஊரில் கையைப் பார்த்தே ஆளின் தொழிலைச் சொல்லிவிடலாம். வெள்ளிபோல் மினுங்கினால் வெடிக் கம்பெனி. பச்சையும் சிவப்புமாக இருந்தால் அச்சாபீஸ், சாமி படம் போட்ட காலண்டர் அடிக்கிறவன். விரல் நுனியில் பசை காய்ந்திருந்தால் தீப்பெட்டி ஒட்டுகிறவள். ராக்கப்பன் கை மட்டும் சுத்தமாக இருக்கும். ஆனால் ஊரில் எல்லோரும் பயந்தது அந்தக் கைக்குத்தான்.

கம்பெனிக்கு வருமுன் அந்தக் கை ஊர்க்காவலன் என்கிற சம்சாரியின் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தது. மழை பொய்த்த ஒரு வருஷம் கம்பெனி வண்டி கண்மாய்க் கரையில் வந்து நின்றது. ராக்கப்பன் ஏறிவிட்டார். "காட்டு வேலைக்கு ஒரு பய இல்ல, எல்லாவனும் வெடி உருட்டப் போறானுக!" என்று ஊர்க்காவலன் வண்டிக்கு முன்னால் நின்று கத்தினார். அவரே பிறகு ஒரு தீபாவளி சீசனில், பேரப்பிள்ளைகளுக்கு வெடி வாங்கக் கம்பெனிக்கு வந்து, கேட்டில் கையைத் தூக்கி நின்றார். அன்றைக்கு மட்டும் ராக்கப்பன் கொஞ்சம் நிதானமாகத் தடவினார்.

இதெல்லாம் கேட்டோடு நின்றிருந்தால் தொல்லையே இல்லை. அந்தக் கைக்குக் கேட்டும் தெரியவில்லை, வீடும் தெரியவில்லை. எதிரே ஓர் ஆம்பளை வந்து நின்றால் போதும், தானாக அவன் இடுப்புக்குப் போய்விடும். விருதுநகர் பஸ்ஸில் ஒருமுறை முன்னால் நின்றவர் மடியைத் தடவப் போய், ஜேப்படித் திருடன் என்று நாலு பேர் மொத்திவிட்டார்கள். ஒரு சாவு வீட்டில், மாலை போடக் குனிந்தவர், பாடையில் கிடந்தவரின் மடியைத் தடவி, யாரோ பிரியமாகச் செருகி வைத்திருந்த பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டார். சுடுகாட்டுக்குப் போனபின்தான் தெரிந்தது, கொள்ளிச் சட்டி வழியிலேயே அணைந்துபோயிருந்தது, கூட்டத்தில் ஒருவரிடமும் குச்சி கிடையாது. எல்லோரும் கம்பெனி ஆட்கள். செத்தவர் ஒருவர்தான் விவரமாகத் தீப்பெட்டியோடு கிளம்பியிருக்கிறார். அதையும் ராக்கப்பன் பறித்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு அய்யம்மாள் என்று கல்யாண வயதில் ஒரு மகள். வந்த இரண்டு இடமும் ராக்கப்பன் கையால்தான் போனது. முதல் இடத்து மாப்பிள்ளைக்கு இடுப்பில் கூச்சம், சிரித்துக்கொண்டே தெருவுக்கு ஓடியவர் திரும்பி வரவில்லை. இரண்டாவது இடத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன், "எங்களைக் களவாணிப் பயலுகன்னு நினைச்சீகளா?" என்று எழுந்து போய்விட்டார்.

மூன்றாவதாக வந்தது அச்சாபீசில் மெஷின் ஓட்டுகிற வேலுச்சாமி. தீப்பெட்டி ஒட்டுகிற அய்யம்மாள் லேபிள் வாங்கப் போகையில் அவனை நாலைந்து தடவை பார்த்திருக்கிறாள். வேறு யாரையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். சொல்லும்போது அழவும் செய்தாள்.

"இந்தா பாருங்க," என்றாள் மனைவி முத்துப்பேச்சி. "இன்னைக்கு உங்க கை யார் மடிக்காவது போச்சு, அந்தக் கையில நான் சோறு போட மாட்டேன். புள்ள மனசு இதுல இருக்கு." அதோடு விடவில்லை. வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் அடுக்கிய பெரிய தாம்பாளத்தை அவரிடம் கொடுத்து, பெண் பார்க்க வருகிறவர்கள் போகிறவரை கீழே வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையனின் அப்பா பெத்தணன், லாரிக்கு லோடு ஏற்றுகிறவர்களுக்கு மேஸ்திரி, நல்ல ஆகிருதி. கூடவே அவர் மனைவி மூக்கம்மாள். கடைசியில் வேலுச்சாமி. "வாங்க, வாங்க, உக்காருங்க," என்று ராக்கப்பன் தாம்பாளத்தோடு அங்குமிங்கும் திரும்பினார். பழம் ஒன்று உருண்டு விழுந்தது.

பெத்தணனுக்கு இரக்கமாகப் போய்விட்டது. "மச்சான், எம்புட்டு நேரந்தான் சுமப்பீக? இங்கன குடுங்க," என்று தாம்பாளத்தை வாங்கி, குனிந்து பாயில் வைத்தார்.

ராக்கப்பன் கை விடுதலையாகிவிட்டது. பெத்தணன் நிமிர்வதற்குள் பின்னிடுப்பில் வேட்டிக் கட்டுக்குள் போய், அரைச் சுருட்டையும் ஒரு தீப்பெட்டியையும் எடுத்து வெளிச்சத்தில் நீட்டியது.

முத்துப்பேச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் அய்யம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள். ராக்கப்பனுக்குத் தன் கையை வெட்டி வாளியில் போட்டுவிடலாம் போலிருந்தது.

முதலில் எழுந்தது மூக்கம்மாள். நேரே புருஷனிடம் போனாள்.

"சுருட்டை விட்டுட்டேன்னு இருக்கங்குடி மாரியம்மனுக்குச் சத்தியம் பண்ணினீகளே! வாடை அடிக்குதுன்னா லாரிப் புகைம்பீகளே! பெட்டி, பானை, கூரைன்னு நான் தேடாத எடமில்ல!" என்றவள் ராக்கப்பன் பக்கம் திரும்பினாள். "எத்தனை வருசமா எனக்கு அகப்படல, வந்து நிமிருறதுக்கு முன்ன எடுத்துட்டீகளே அண்ணே! பொண்ணை அப்புறம் பாத்துக்கிடுவோம். இந்த வீட்டுல சம்பந்தம் வச்சாத்தான் எங்க வீடு உருப்படும். முடிச்சுக்கிடுவோம்."

பெத்தணன் பாயில் உட்கார்ந்து வெற்றிலைக்கு நிறையச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் தனிமையைப் பார்க்கச் சகிக்காமல் வேலுச்சாமி எழுந்தான். "மாமா, என்னையும் பாத்துருங்க. அப்பாவை மட்டும் பாத்தா நல்லாருக்காது," என்று கையைத் தூக்கினான். அப்பாவுக்காகத் தூக்கிவிட்டானே தவிர, தூக்கியபிறகுதான் ஏதோ நினைவு வந்தவன்போல் அவன் முகம் வெளிறிவிட்டது.

ராக்கப்பன் விரல்களுக்கு உடனே தட்டுப்பட்டது. மடியில் வட்டமாகச் சுருட்டிய ஏதோ ஒன்று. வெடித்திரியோ என்று ஒரு நொடி பதறினார். திரி இவ்வளவு வழவழப்பாக இருக்காது. பெண்பிள்ளைகள் சடையில் கட்டுகிற பட்டு ரிப்பன். பையன் கண்ணாலேயே கெஞ்சினான்.

மகள் நிஜமாகவே போகப் போகிறாள் என்பது ராக்கப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. நெஞ்சு வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கையை எடுத்தார்.

"ஒண்ணுமில்ல," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. அப்படி ஒரு பொய்யை அவர் வாய் சொன்னதே கிடையாது.

"அய்யம்மா, மாப்பிள்ளைக்குத் தண்ணி கொண்டா தாயி," என்று உள்ளே குரல் கொடுத்தார். பிறகு வெளியே நல்ல காற்று வருகிறது என்று சொல்லி, மற்ற மூன்று பேரையும் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.