கண்ணாடியின் முதுகில் பொட்டு

ஆயுத பூஜையன்று எங்கள் கடையில் எல்லாப் பொருளுக்கும் முகத்தில் பொட்டு வைப்போம். கண்ணாடிக்கு மட்டும் முதுகில்தான். இந்த வருஷம் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளுக்கு இது தெரியாது. தலைக்குக் குளித்துவிட்டு ஆசையாகக் கடைக்கு வந்தவள், கல்லாப்பெட்டி, ஸ்பேனர், பெயர்ப்பலகை என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்து, சுவரில் மாட்டியிருந்த லாரிக் கண்ணாடிகளின் நட்டநடுவிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டாள். நான் ஈரத்துணியோடு போனதும் அவள் முகம் வாடிவிட்டது. "பொட்டை அழிக்கலாமா மாமா?" என்றாள். நல்ல நாளும் அதுவுமாகச் சின்னப் பெண்ணைக் கலங்க வைத்துவிட்டோமே என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு அண்ணனையும் அக்காவையும் பற்றிச் சொன்னேன்.

எழுபதுகளின் கடைசியில் செங்கம் சாலையில் இந்தக் கடையைப் போட்டேன். டிராக்டருக்கும் லாரிக்கும் உதிரி பாகங்கள். பேரிங் போகும், ஃபேன் பெல்ட் போகும். கண்ணாடி மட்டும் தூசி படிந்து தொங்கும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஓட்டுநர்கள் பாதி காதால்தான் வண்டி ஓட்டினார்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்க வேண்டும், முன்னால் போகிறவன் ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். டிராக்டருக்குக் கண்ணாடி கேட்டு யாராவது வந்தால், மாப்பிள்ளை ஊர்வலமா என்று கேட்டுச் சிரிப்போம். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

அப்படித்தான் அந்த அண்ணனையும் கேட்டேன். அடி அண்ணாமலையில் ஒரு கரும்பு முதலாளியின் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆலைக்குப் போகிற வழியில் கரும்பு ஏற்றிய டிரெய்லரோடு வண்டியைக் கடைக்கு எதிரே நிறுத்திவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "தலை வாரிக்கவா அண்ணே?" என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அந்த அக்காதான் பதில் சொன்னார்: "டிரெய்லருக்குப் பின்னால என்ன வருதுன்னு தெரியணும் தம்பி." என்ன அளவு என்று கேட்டேன், அக்கா சொன்னார். டீ சொல்லட்டுமா என்று கேட்டேன், அதற்கும் அக்காதான் சொன்னார். பெண்டாட்டிக்கு இவ்வளவு பயப்படுகிற ஆளா என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் ஸ்கூட்டர் கண்ணாடி கொடுத்தேன். மட்கார்டில் மாட்டி என்ஜினைப் போட்டதும் அதில் செங்கம் சாலையே நடுங்கியது. அடுத்து லாரியின் நீளக் கண்ணாடி. அதில் தெரிந்ததெல்லாம் கரும்புதான். டிரெய்லரை விட்டு இரண்டு பக்கமும் கரும்பு பிதுங்கிக்கொண்டு நிற்கும்போது, கண்ணாடி அதையும் தாண்டி வெளியே நீண்டால்தான் சாலை தெரியும். பட்டறையில் குழாயை வெட்டிப் பற்றவைத்து நீளமான கை செய்து வரச் சொன்னேன். மறுவாரம் அந்தக் குழாய்க் கையோடு வந்தார்கள். அக்கா டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்று சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடப்பார். தான் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் அண்ணன் கையைத் தூக்குவார். மறைந்தால் கையை இறக்குவார். சாலையில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இந்த ஒரு வியாபாரத்துக்கு இத்தனை பாடா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வெளிப்புறம் வளைந்த கண்ணாடி ஒன்று கடையில் கிடந்தது. அதை மாட்டினால் மொத்தச் சாலையும் தெரிந்தது. தொல்லை விட்டது என்று நான் மூச்சு விட்டபோது அண்ணன் தலையை ஆட்டினார். "கிட்ட வந்துட்ட பஸ்ஸக்கூடத் தூரத்துல இருக்கிற மாதிரி காட்டுது," என்றார். அவர் குரலை அப்போதுதான் முதலில் கேட்டேன். கடைத்தெருவுக்கே கேட்கும்படி இருந்தது. அக்கா கொஞ்சம் யோசித்து, "முந்தற வண்டியெல்லாம் சோத்துக்கைப் பக்கம்தான வரும். அங்க சாதாக் கண்ணாடி இருக்கட்டும். பீச்சாங்கைப் பக்கம் ஆளும் சைக்கிளும்தான், அங்க இத வையுங்க," என்றார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமல் கண்ணாடி விற்றது அன்றுதான். யானைக் காது மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்யத் திரும்பினேன்.

அப்போது பரணில் அடுக்கியிருந்த சைலன்சர் குழாய்கள் சரிந்து சிமென்ட் தரையில் விழுந்தன. நான் துள்ளிவிட்டேன். டீ கொண்டுவந்தவர் கிளாசைக் கீழே போட்டார். அண்ணன் மட்டும் குழாய்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கல்லாமேல் குனிந்து கண்ணாடியின் திருகைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். டிராக்டருக்கு வருவதற்கு முன்னால் அண்ணன் கிணற்றுப் பாறை உடைக்கும் கம்ப்ரசர் வண்டியில் வருஷக்கணக்காக வேலை செய்தவர். காது அங்கேயே போய்விட்டது. "வெளிய சொல்லிடாதீங்க தம்பி. முதலாளி வேற ஆளப் போட்டுருவாரு. அவரு குடுத்த ஊட்டுலதான் இருக்கறோம்," என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அதன்பிறகு இரண்டு கரும்பு சீசன் அந்த யானைக் காதுகள் கடையைத் தாண்டிப் போவதையும் வருவதையும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மனசுக்குள் ஒரு பயம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு ஆயுத பூஜைக்கு அந்த முதலாளி என்னையும் அழைத்திருந்தார். களத்தில் டிராக்டரை நிறுத்தி வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பூஜை முடிந்ததும் வீட்டுப் பிள்ளைகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு மலையை ஒரு சுற்று சுற்றி வருவது அந்த வீட்டு வழக்கம். பிள்ளைகள் ஏறிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சீட்டில் உட்கார்ந்து என்ஜினைப் போட்டுவிட்டார். அந்த நேரத்தில் முதலாளியம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, விட்டுப்போனது இது ஒன்றுதான் என்று இரண்டு கண்ணாடியிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தைப் பூசிக் குங்குமம் வைத்தார். மேலே பூச்சரமும் சுற்றினார். அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா போனார், பூச்சரத்தை ஒதுக்கினார், முந்தானையால் சந்தனம், குங்குமம் எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்துவிட்டார்.

களமே அதிர்ந்துபோனது. "பொட்ட அழிக்கிறியே, நீயெல்லாம் தாலி கட்டிக்கினவளா? உன் புருசனுக்கே ஆகாதுடி!" என்று முதலாளியம்மா கத்தினார். ஏதோ தூசி என்று அக்கா சொல்லியிருக்கலாம். கால் தடுக்கிவிட்டது, கை பட்டுவிட்டது என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் டிரெய்லரைப் பார்த்தார். "அவருக்குக் காது கேக்காதுங்கம்மா. பின்னால வர்றது இதுலதான் தெரியும். கொழந்தைங்க ஏறியிருக்குதுங்க," என்றார்.

அண்ணனுக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது. ஆனால் துடைத்த கண்ணாடியில் எல்லோருடைய முகமும் அவருக்குத் தெரிந்தது. என்ஜினை நிறுத்தினார், இறங்கி வந்தார், சாவியை முதலாளியிடம் நீட்டினார். முதலாளி அதை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமாய்யா?" என்றார். "தெரியுங்க. ரெண்டு சீசனா ஓட்றாருங்க. வண்டியில ஒரு கீறல் இருக்குதா பாருங்க," என்றேன். முதலாளி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கண்ணாடியின் கையைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். பிறகு மனைவியின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வண்டியின் முன்பக்கம் போய், இரண்டு கண்ணாடிகளின் முதுகிலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். அண்ணனின் கையைப் பிடித்துச் சாவியை அதில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் டிரெய்லரில் ஏறிப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்.

முதலாளியம்மா லேசில் மனம் மாறவில்லை. ஒரு வருஷம்போல அக்காவுக்குக் குங்குமம் கொடுப்பதையே நிறுத்திவிட்டார். ஆனால் அவர் சொன்ன மாதிரி எதுவும் நடக்கவில்லை. அண்ணன் கடைசிவரை அந்த டிராக்டரை ஓட்டி, வயதாகித்தான் இறங்கினார். பல வருஷம் கழித்து அக்காதான் முதலில் போனார். நெற்றி நிறையப் பொட்டோடு போனார்.

காரியமெல்லாம் முடிந்தபின் அண்ணன் கடைக்கு வந்தார். முதல்முறையாகத் தனியாக வந்தார். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, கடைத்தெருவுக்கே கேட்கிற அதே குரலில், "சைக்கிளுக்கு ஒரு கண்ணாடி குடு தம்பி," என்றார். இத்தனை வருஷமாக இல்லாமல் இப்போது எதற்கு என்று கையால் கேட்டேன். சைக்கிளின் பின்சீட்டைத் தடவிக் காட்டினார்.

"அவ உக்காந்துகினு வருவா. பின்னால வண்டி வந்தா முதுவுல ஒரு தட்டு. பஸ்ஸு வந்தா ரெண்டு தட்டு."

அன்றைக்கு ஆயுத பூஜை இல்லை. இருந்தாலும் கல்லாமேல் இருந்த குங்குமத்தை எடுத்து, அந்தச் சின்னக் கண்ணாடியின் முதுகில் வைத்துத்தான் கொடுத்தேன்.

நான் சொல்லி முடித்ததும் மருமகள் எழுந்தாள். என் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கிக்கொண்டு போய், சுவரில் இருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக அவளே துடைத்தாள்.