திலகா அக்காவோட ரெண்டு தொட்டி மீன்

திலகா அக்கா போய்ட்டாங்க. கோயம்புத்தூர்ல, பொண்ணு வீட்டுல... நேத்து சாயங்காலம் எங்க பழைய ஆபீஸ் ஆளுங்க வாட்ஸப் குரூப்ல பாத்தேன்.

கும்புடு ஸ்மைலி போட்டுட்டு போக முடியல. அவங்க கிட்ட சொல்லாம ஒண்ணு வெச்சிருக்கேன், அம்பது வருஷத்துக்கு மேல. திட்றவங்க திட்டுங்க, கேட்டுக்கிறேன்.

அறுபதுகளோட கடைசி. கே.ஜி.எஃப்ல, அதான் கோலார் தங்கவயல்ல, மலேரியா வராம பாத்துக்கிற ஆபீஸ்ல ரெண்டு பேருக்கும் வேலை. ஊருக்குள்ள "கொசு ஆபீசு"ன்னுதான் பேரு.

அக்கா ராபர்ட்சன்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் பொண்ணு. பி.எஸ்ஸி ஜுவாலஜி, மைக்ரோஸ்கோப்ல ரத்தம் பாக்கிற வேலை. நான் கொசுப்புழு தின்ற மீன பக்கெட்ல தூக்கிட்டுப் போய் கிணறு கிணறா விடுற டெம்பரவரி ஆளு. விரல் நீளம்கூட இருக்காது அந்த மீனு, தலையில ஒரு வெள்ளிப் பொட்டு.

ஒரு தடவை பங்காருபேட்டை பக்கம் ஏரியில பிடிச்சிட்டு வந்த மீனு மேல எல்லாம் கருப்பு கருப்பா புள்ளி.

"இன்னாக்கா, மீனுக்கு அம்மை போட்டுக்குதா?"

"அம்மை இல்லப்பா. தோலுக்குள்ள புழு சுருண்டு படுத்திருக்குது. நத்தை கிட்டருந்து வருது"ன்னாங்க.

அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு... மூணு வருஷம் விடல.

ஆபீஸ் பின்னாடி ரெண்டு சிமெண்ட் தொட்டி. ஒண்ணுல அந்த ஏரி மீனு, இன்னொண்ணுல நத்தையே இல்லாத நம்ம கிணத்து மீனு. பெயின்ட்ல "ஏ லைன்", "பி லைன்"னு எழுதினாங்க. தொட்டியில பொரிச்ச குஞ்சுங்கள தனித்தனியா ஏரி நத்தை கூட விட்டு, எதுக்கு எத்தனை புள்ளி வருதுன்னு உக்காந்து எண்ணுவாங்க.

ஏரி மீனோட குஞ்சு ஏரியையே பாத்ததில்ல. ஆனாலும் அதுக்குப் புள்ளி கம்மி. கிணத்துக் குஞ்சுக்கு உடம்பெல்லாம் புள்ளி.

"தலைமுறை தலைமுறையா புழு கிட்ட அடி வாங்கி, தாங்கினதுதான் அங்க பொழச்சிருக்குது சேகரு. அந்தத் தாங்குற சக்தி குஞ்சுக்கும் எறங்குது. ஆனா புழுவும் சும்மா இருக்குமா? அதுவும் மாறிக்கினேதான் வரும்"பாங்க. எனக்குப் பாதிதான் புரியும். அவங்க மூஞ்சியப் பாத்தா சந்தோஷமா இருக்கும்.

பெங்களூர் ப்ரொபசர் ஒருத்தர், இன்னும் ஒரு வருஷம் கணக்கு இதே மாதிரி வந்தா ரிசர்ச்சுக்கு சேத்துக்கிறேன்னு லெட்டர் போட்டிருந்தாரு. வீட்டுல மாப்பிள்ளை பாத்துக்கினு இருந்தாங்க. அக்காவுக்குப் படிக்கணும். அந்த சீட்ட விட்டா வேற வழி இல்ல.

அக்கா நாலு நாள் லீவுல வேலூர் போயிருந்தப்போ ஒரு மத்தியானம் ஏர்பிளாஸ்ட். மைன்ஸ்ல அடியில பாறை வெடிச்சு மேல ஊரே ஆடும், அத அப்படித்தான் சொல்லுவோம். ஓடிப்போய்ப் பாத்தா ஏ லைன் தொட்டி பொளந்து தண்ணி ஊத்துது. ஆபீஸ்ல நான் ஒருத்தன்தான்.

அக்காவுக்கு லைன்னா மீனோட வம்சம். எங்களுக்கு லைன்னா வீடுங்க. சாம்பியன் ரீப்ஸ் மைன்ஸ் பக்கம் வரிசை வரிசையா தொழிலாளிங்க வீடு இருக்கும்ல, அதான் லைன். ஒரு லைன்ல சுவரு விழுந்தா பக்கத்து லைன்ல போய்ப் படுத்துக்குவோம், கட்டி முடிச்சதும் திரும்பி வருவோம்.

அதையேதான் மீனுக்கும் செஞ்சேன். அத்தனையும் வாரி பி லைன்ல விட்டேன். சிமெண்ட் பூசி, காய வெச்சு, மூணாம் நாள் பாதிய எண்ணி இந்தப் பக்கம் விட்டேன். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளிப் பொட்டு... எது எந்த மீனுன்னு நான் யோசிக்கவே இல்ல. அய்யோ, எவ்ளோ பெருமை அன்னைக்கு எனக்கு!

அக்கா வந்ததும் "மீனுக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?"ன்னாங்க. அவங்க இல்லாதப்போ மீன யாரும் தொடக்கூடாதுன்னு ஆர்டர். டெம்பரவரி வேலை வேற.

"தொட்டியில சின்ன விரிசல்க்கா, பூசிட்டேன். மீனுக்கு ஒண்ணும் ஆகல"ன்னுட்டேன்.

அதுக்கப்புறம் வந்த குஞ்சுங்களுக்கு ரெண்டு தொட்டியிலயும் புள்ளி ஒரே மாதிரி. திரும்ப எண்ணினாங்க. மாசக்கணக்கா எண்ணினாங்க. தண்ணிய மாத்திப் பாத்தாங்க, தீனிய மாத்திப் பாத்தாங்க.

"மொதல்லயே நான்தான் தப்பா எண்ணியிருக்கேன் சேகரு. ஆசைப்பட்டத எண்ணி வெச்சிருக்கேன்"னு ஒரு நாள் அழுதுட்டாங்க. அப்பதான் எனக்கு உறைச்சுது. ஆனாலும் சொல்லல.

ப்ரொபசருக்கு, என் கணக்கு தப்பு, மன்னிச்சுக்கோங்கன்னு லெட்டர் எழுதினாங்க. போஸ்ட் பண்ணச் சொல்லி என் கையிலதான் குடுத்தாங்க.

ராபர்ட்சன்பேட்டை போஸ்ட் ஆபீஸ் வாசல்ல ரொம்ப நேரம் நின்னேன். போட்டுட்டேன். பாவி.

அந்த வருஷமே கல்யாணம், கோயம்புத்தூர். மீன எல்லாம் கிணத்துல விடச் சொல்லிட்டுப் போனாங்க.

இன்னைக்குக் காலைல அவங்க பொண்ணுக்குப் போன் பண்ணேன். பேரு சொன்னதும், "மீன் சேகர் அங்கிளா? அம்மா உங்களப் பத்தி நிறைய சொல்வாங்க. 'நான் எண்ணினது தப்பாப் போச்சு, ஆனா அந்தப் புள்ள மூணு வருஷம் என் மீன நல்லா பாத்துக்கிச்சு'ன்னு..."

"சரிம்மா"ன்னு வெச்சுட்டேன்.

அந்தப் பொண்ணு இதப் படிக்கும்னுதான் எழுதுறேன்.

அக்கா... நீங்க எண்ணினது கரெக்டு. மீன கலந்தது நான். போய்ட்டு வாங்கக்கா.